ஹெரால்டுக்கு 13 இன்ச் அலாய்: வீலும், அதைப் போட்டுத் தந்த தஞ்சாவூர்ப் பட்டறையும்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு அலாய் வீல் போடலாம். அழகாக உட்காருகிறது, ஓட்டுவதற்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ திருச்சியிலோ கடைச் சுவரில் வரிசையாகத் தொங்குகிற அலாய் எதுவும் அதற்கு ஆகாது. இந்த விஷயம் தெரியாமல் நல்ல வண்டிகளைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நான் வாங்கிய வீலைப் பற்றியும், அதைப் பொருத்திய பட்டறையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வண்டி 1966 மாடல், இரண்டு கதவு மார்க் 2. மெட்ராஸில் தயாரானது, 948 சி.சி. பாபநாசத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வெர்னியர் காலிபர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அளக்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

ஹெரால்டைக் குடும்ப வண்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1962-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைக் கீழே படுத்துப் பார்த்தால், முன் சஸ்பென்ஷன், பின் ஆக்சில், சக்கரம் மாட்டுகிற ஹப் எல்லாம் நம் ஹெரால்டின் சொத்து. இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடின. வீல் தேடுகிறவர்களுக்கு இந்த உறவு ரொம்ப முக்கியம். ஹெரால்டுக்கென்று யாரும் புதிதாக அலாய் வார்ப்பதில்லை. ஸ்பிட்ஃபயருக்கு வார்க்கிறார்கள். அதே வீல் நம் ஹப்பில் அப்படியே உட்காரும்.

காரணம் பி.சி.டி. ஹப்பில் நட்டு ஏறுகிற மரைக் கம்பிதான் ஸ்டட். நான்கு ஸ்டட் இருக்கிற ஹப்பில் எதிரெதிர் ஸ்டட்டுகளின் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி உள்ள தூரம் அது. வெர்னியரை ஒரு ஸ்டட்டின் வெளி விளிம்பிலும் எதிர் ஸ்டட்டின் உள் விளிம்பிலும் வைத்தால் அந்த அளவு நேராக வந்துவிடும். ஹெரால்டில் இது மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மி.மீ. இப்போதைய சின்னக் கார்கள் பலவற்றில் 100. பழைய மாருதி 800-இல் 114.3. ஃபியட் வண்டிகளில் 98. நம் அளவு இது எதிலும் சேராது.

100-க்கும் 95.25-க்கும் நடுவில் 4.75 மி.மீ. "சின்ன வித்தியாசம்தானே, நட்டு இழுத்துப் பிடிச்சுக்கும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். வீலை ஹப்பில் வைத்தும் காட்டினார்கள். ஒவ்வொரு ஸ்டட்டும் ஓட்டையின் நடுவிலிருந்து 2.4 மி.மீ. அளவுக்கு உள்ளே தள்ளி நின்றது. ஹெரால்டு வீலைச் சரியான இடத்தில் நிறுத்துவது நட்டின் கூம்பு முனைதான். நடு ஓட்டைக்கு அந்த வேலை கிடையாது. கூம்பு ஒரு பக்கம் மட்டும் உரசி நின்றால் இறுக்கியது போலத்தான் தெரியும். ஸ்பேனரும் "டக்" என்று நிற்கும். ஓட ஓட ஸ்டட் வளைந்து, அலாயில் நட்டு உட்காரும் இடம் தேய்ந்து, ஒரு நாள் நட்டு தானாகக் கழலும். நான் வெர்னியரைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதே கடையில் அடாப்டர் தட்டும் காட்டினார்கள். பழைய ஸ்டட்டில் ஒரு தட்டு, அந்தத் தட்டில் 100 பி.சி.டி. ஸ்டட். தட்டின் கனம் அளவுக்கு வீல் வெளியே போகும்.

வீல் வெளியே போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஹெரால்டின் ட்ரன்னியனைக் காட்ட வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துக் கம்பியின் அடியில் ஒரு வெண்கல முடிச்சு இருக்கிறது. கம்பியின் மரை அதற்குள் திரும்பும், அப்படித்தான் ஸ்டியரிங் வேலை செய்கிறது. அதற்கு கிரீஸ் போதாது, ஈ.பி. 90 கியர் ஆயில் விட வேண்டும். எண்ணெய் காய்ந்த ட்ரன்னியன் மரையிலேயே ஒடியும், வீல் மட்கார்டுக்குள் மடங்கும். இந்த வண்டியின் பெரிய பலவீனம் அது. வீலை வெளியே தள்ளத் தள்ள ஒவ்வொரு குழியிலும் அந்த மரை மீது விழுகிற நெம்புகோல் அழுத்தம் கூடுகிறது. எனவே என் வண்டியில் வீலை வெளியே தள்ளுகிற ஸ்பேசரும் இல்லை, அடாப்டரும் இல்லை. அலாய் போட நினைக்கிற எவரும் முதலில் ட்ரன்னியனைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய் விட்டு, அப்புறம் வீல் பற்றிப் பேசினால் நல்லது.

அடுத்தது அகலம். கம்பெனி இரும்பு ரிம் மூன்றரை அங்குலம், டயர் 5.20-13. அந்த டயரின் அகலம் சுமார் 132 மி.மீ. பலரும் 15 இன்ச் ரிம்மில் 195/50 டயர் (195 மி.மீ. அகலம், அதில் 50 சதவீதம் பக்கச்சுவர் உயரம்) போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 576 மி.மீ. வரும், உயரத்தில் பழுதில்லை. ஆனால் அகலத்தில் ஒவ்வொரு பக்கமும் 31 மி.மீ. கூடும், மட்கார்டுக்குள் அதற்கு இடம் கிடையாது. டயரின் பக்கச்சுவரும் 97 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். மேட்டூர் திறந்து, வாய்க்கால் வேலைக்கு டிராக்டரும் ஜே.சி.பி.யும் ஓடிப் பெயர்த்துப் போட்ட நம் ஊர் ரோட்டில் 97 மி.மீ. ரப்பரை நம்பி அலாயை ஓட்ட எனக்கு மனசு வராது.

நான் எடுத்தது 13 இன்ச், 5 அங்குல அகலம், டயர் 155/80 ஆர்13. விட்டம் 578 மி.மீ., பக்கச்சுவர் 124 மி.மீ. பழைய டயரைவிட ஒவ்வொரு பக்கமும் பதினோரு, பன்னிரண்டு மி.மீ.தான் கூடுதல். இந்த டயர் வேகன்ஆர் 1.0-க்கு வருகிற அளவு என்பதால் மன்னார்குடி முதல் மயிலாடுதுறை வரை எந்த டயர் கடையிலும் கிடைக்கும். நடுராத்திரி டயர் கிழிந்தாலும் காலையில் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். ஐந்தரை அங்குல ரிம்மும் 175 டயரும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க இன்னும் கம்பீரமாகத்தான் இருக்கும். என் தேவைக்கு ஐந்து போதும் என்பது என் உறுதியான கருத்து.

வீல் மினிலைட் பாணி, எட்டு ஸ்போக். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் உதிரிபாகம் விற்கிற ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். அறுபதுகளில் ரேஸுக்காக வந்த அசல் மினிலைட் மெக்னீசியத்தில் வார்த்தது. மெக்னீசியத்தை உப்புக் காற்று அரித்துவிடும். நாகப்பட்டினமும் வேதாரண்யமும் அடிக்கடி போகிற வண்டிக்கு அலுமினியம்தான் சரி. கம்பி ஸ்போக் வீலும் ஸ்பிட்ஃபயருக்கு உண்டு. கொள்ளை அழகு. ஆனால் ஒவ்வொரு கம்பியையும் இழுவை பார்த்துச் சரிசெய்து தருகிற ஆள் இப்போது நம் பக்கம் இல்லை, சேறும் உள்ளே போய் அடைந்துகொள்ளும். விட்டுவிட்டேன்.

விலையைவிட கப்பல் கூலியும் கஸ்டம்ஸும்தான் கடிக்கும் போலிருந்தது. அதனால் முதலில் உள்ளூரிலேயே இதே பாணியில் விலை மலிவாக ஒன்று கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வீலை வாங்கிக்கொள்ளாமல் பார்வைக்கு மட்டும் எடுத்து வந்தேன். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் போட்டு, ஸ்போக் நடுவட்டத்தோடு சேருகிற முடுக்குகளில் விரல் நகத்தால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். பெயிண்டுக்கு அடியில் குண்டூசி முனை அளவில் மூன்று நான்கு பள்ளங்கள். "இது மேல தெரியறது. உள்ள எவ்வளவு இருக்கோ. காத்து வெளியேற வழி விடாம ஊத்தியிருக்காங்க. சாமி சிலைன்னா நான் உடைச்சுத் திரும்ப உருக்கிடுவேன்" என்றார். அன்றே அந்த வீலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இங்கிலாந்திலிருந்து வந்த பெட்டியையும் அவர் முன்னால்தான் பிரித்தேன். பின்பக்கம் சுத்தமாக இருந்தது, அகலம், பி.சி.டி., தாங்கும் எடை மூன்றும் வார்ப்பிலேயே எழுத்தாக இருந்தன. எந்த அலாய் வாங்கினாலும் இந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். அளவைப் பொறிக்காத வீலை வாங்காதீர்கள்.

இனி பட்டறை. தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. அதை நடத்துகிற பாய் பழைய வண்டி மட்டும் பார்ப்பவர் இல்லை, டாட்டா ஏஸ் முதல் இன்னோவா வரை எல்லாம் வரும். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கூட்டம் சேர்ந்தால் வேலை கெடும் என்கிறார். அந்தப் பக்கம் போய், ஹெரால்டுக்கு வீல் போட்ட பாய் என்று கேட்டால் காட்டுவார்கள்.

வண்டியை விட்டதும் அவர் வீலைத் தொடவில்லை. ஸ்டட்டைத் தொட்டார். ஹெரால்டின் ஸ்டட் மூன்றெட்டு (3/8) அங்குலம், யு.என்.எஃப். என்கிற நெருக்கமான அங்குல மரை, ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இரும்பு ரிம்மின் தகடு மெல்லியது, அதற்கேற்ற நீளம்தான் ஸ்டட்டுக்கு. அலாயில் நட்டு உட்காரும் இடம் பல மடங்கு கனம். பழைய ஸ்டட்டில் அலாயை மாட்டினால் நட்டு நாலைந்து சுற்றில் நின்றுவிடுகிறது. ஸ்டட்டின் விட்ட அளவுக்காவது நட்டு மரையில் ஏற வேண்டும் என்பது அடிப்படை. இங்கே அது ஒன்பது முழுச் சுற்று. பாய் ஒரு நட்டை விரலால் போட்டு வாய்விட்டு எண்ணிக் காட்டினார். "அண்ணே, அஞ்சு சுத்துல நிக்குது. இத நான் போட்டுத் தர மாட்டேன். நீள ஸ்டட் வச்சிருக்கீங்களா?" வீலோடு சேர்த்தே வாங்கியிருந்தேன். பையை நீட்டியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்றும் சொன்னார். மூன்றெட்டு நட்டு கிடைக்காத ஊரில் 10 மி.மீ. நட்டைப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டாம். மூன்றெட்டு என்பது 9.5 மி.மீ. 10 மி.மீ. நட்டு அதில் தொளதொளவென்று ஏறும், கடைசியில் கொஞ்சம் பிடிப்பது மாதிரியும் இருக்கும். அது பிடிப்பு இல்லை, மரை நசுங்குவது. பழைய இங்கிலீஷ் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் நட்டை ஒரு தரம் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டட் மாற்ற ஹப் வெளியே வர வேண்டும். முன்னால் சுலபம். பின்னால்தான் ஹெரால்டு ஆளைச் சோதிக்கும். ஹப் ஆக்சில் முனையின் கூம்பில் (டேப்பர்) வருஷக்கணக்காக இறுகிக் கிடக்கும். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட் முனை நசுங்கிவிடும், அதன் பிறகு ஷாஃப்டையே தேட வேண்டும். பாய் கனமான இரும்புத் தட்டில் நான்கு ஸ்டட்டுக்கும் ஓட்டை போட்டு, நடுவில் பெரிய மரை போல்ட் வைத்து அவரே ஒரு புல்லர் செய்து வைத்திருக்கிறார். அதை மாட்டி, போல்ட்டை நன்றாக இறுக்கி, அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து இன்னும் கால் சுற்று. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஹப் கையோடு வந்தது. சேதமில்லை. அவசரப்படாத கை அது. பழைய ஸ்டட்டுகளை பிரெஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை பிரெஸ்ஸிலேயே ஏற்றினார். ஹப் முகத்தில் துருவைத் தேய்த்து எடுத்து, இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காப்பர் கிரீஸை விரலால் மெலிதாகத் தடவினார்.

உரசல் பார்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து திறக்கும். டயர், சேஸிஸ், கம்பி எல்லாம் கண் முன்னால் இருக்கும். இந்த வண்டி 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், நம் அக்ரஹாரத் தெருக்களில் அதற்கு ஈடான வண்டி கிடையாது. அந்த அளவுக்குச் சக்கரம் திரும்புவதால்தான் அகல டயர் உள்ளே இடிக்கும். பாய் சாக்பீஸைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து டயரின் உள் தோளில் பூசினார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து முன்னும் பின்னும் உருட்டி, வண்டி சாயாமல் பிடிக்கிற ஆன்டி-ரோல் பாரிலும் சேஸிஸிலும் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பானெட்டை மூடி, வெளித் தோளில் பூசி, மட்கார்டு விளிம்பைப் பார்த்தார். எங்கும் ஒட்டவில்லை.

பின்பக்கம் அப்படிப் பார்த்தால் போதாது. ஹெரால்டுக்கு ஸ்விங் ஆக்சில், அதாவது பின்சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். ஜாக்கியில் தூக்கினால் பின்சக்கரங்களின் அடி உள்வாங்கித் தொங்கும். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். தூக்கி நிறுத்தி வைத்துப் பார்த்த இடைவெளிக்கும் சாலையில் இருக்கும் இடைவெளிக்கும் சம்பந்தமே இல்லை. பாய் பக்கத்துக் கடையிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பங்களை வாங்கி டிக்கியில் போட்டு, பின்சீட்டில் பையன்கள் இருவரை உட்காரவைத்து, என்னை மெதுவாக வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்து வந்தார். உள்ளே சுண்டுவிரல் நுழைகிற இடம் மிச்சம் இருந்தது.

பேலன்ஸிங்கிலும் ஒரு சூட்சுமம். மெஷினில் சாதாரணமாக நடு ஓட்டையில் கூம்பை நுழைத்துத்தான் வீலை மாட்டுவார்கள். நம் வீல் நட்டால் நடுப்படுவது, அதன் நடு ஓட்டை அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. அப்படி மாட்டினால் மெஷின் பூஜ்யம் காட்டும், ரோட்டில் ஸ்டியரிங் நடுங்கும். இங்கே நட்டு ஓட்டைகளில் பிடிக்கிற தட்டு இருக்கிறது. அதை வைத்துத்தான் செய்தார்கள். கடைசி இறுக்கலுக்கு ஏர் கன்னை எடுக்கவில்லை, இறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சை வைத்து எதிரெதிராக இறுக்கினார். கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய், ஸ்டட் மாற்றியது உட்பட. நியாயமான கூலி.

தஞ்சாவூர்–திருவையாறு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். ஒவ்வொரு பாலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கிற இணைப்பு, பழைய டயரில் முதுகெலும்பு வரை வந்து சேரும். புது ரேடியல் டயர் அதை விழுங்கிவிடுகிறது. காவிரிக் கரையோரம் கும்பகோணம் வரை வளைவு வளைவாகப் போகிற ரோட்டில், முன்பு டயர் முதலில் நெளிந்து அப்புறம்தான் வண்டி திரும்பும். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறது. எழுபதில் நடுக்கம் துளியும் இல்லை. நிற்கும்போது ஸ்டியரிங் சற்றுக் கனம். நகர ஆரம்பித்ததும் தெரியவில்லை. எடை குறையும் என்று அலாய் விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்றரை அங்குல இரும்பு ரிம்மே லேசானது, தராசில் போட்டுப் பார்த்தேன், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உண்மையான லாபம் ட்யூப் இல்லாத டயர். வேதாரண்யம் பக்கம் கருவேல முள் குத்தினால் பழைய ரிம்மில் ட்யூப் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். இதில் காற்று மெதுவாகக் கசியும், ஊர் வந்து சேரலாம்.

குறைகளும் உண்டு. வீலோடு வந்த நடு மூடி முன் ஹப்பின் கிரீஸ் கப்பில் முட்டுகிறது, அதனால் முன்னால் மூடி போட முடியவில்லை. கூடவே வந்த நட்டுகளின் குரோமும் ஒரு மழைக்காலத்திலேயே வெளுத்துவிட்டது. இந்த விலைக்கு இது கூடாது.

பழைய இரும்பு ரிம் ஐந்தையும் விற்றுவிடாதீர்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டி, மூல வடிவத்திலேயே இருக்கிற வண்டியை வின்டேஜ் என்று வி.ஏ. எழுத்துள்ள நம்பரில் பதியலாம். அதற்குப் போகும்போது கம்பெனி ரிம்மில் நிற்பதுதான் பாதுகாப்பு. இன்சூரன்ஸ்காரர்களிடமும் அலாய் போட்டதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டெப்னியாக நான் இரும்பு ரிம்மைத்தான் டிக்கியில் வைத்திருக்கிறேன். அலாய்க்கு வந்த நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காராது. எனவே பழைய நட்டு நான்கையும் ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்டட் நீளமாகிவிட்டதால், பழைய நட்டு அதில் அடிவரை இறங்குகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயிடம் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். பின் ஹப் கழற்றுகிற வேலையை மாலையில் ஆரம்பிக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து மூன்று மணிக்குத்தான் திறப்பார். வீல் போட்டு எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்க்கத் திரும்ப வரச் சொல்லுவார், அதற்குக் காசு வாங்க மாட்டார்.